சிலம்பாயியைச் சுற்றி இருந்த காற்று

மாசிக் கடைசியில் ஒத்தைக்கொம்பு மலையில் பிடித்த தீ பங்குனி முழுவதும் எரிந்து, சித்திரையிலும் எரிந்து, எரிவதுதான் மலையின் வேலை என்று ஆகிப்போன பிறகு, அடிவாரத்திலிருந்த இலந்தைக்கரட்டு ஜனங்கள் மலையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்; பார்த்தாலும் தெரியாது. புகை மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் குடிவந்திருந்தது. கதவிடுக்கில் நுழைந்தது, அரிசிப் பானைக்குள் உட்கார்ந்தது, கறந்த பாலில் கலந்தது, துவைத்துக் காயப்போட்ட சேலைகளை மறுபடி அழுக்காக்கியது. சூரியன் உச்சிக்கு வந்தாலும் துலக்காத பித்தளைத் தட்டு மாதிரி மங்கித்தான் தெரிந்தது. கோழிகள் மத்தியானத்திலேயே கூடடைந்தன. வெயில் மட்டும் குறையவில்லை. வெளிச்சத்தை வைத்துக்கொண்டு சூட்டை மட்டும் கீழே அனுப்பியது புகை. பேசினால் மூச்சு வாங்க வேண்டியிருந்ததால் ஊரில் பேச்சு குறைந்தது, பேச்சு குறைந்ததால் சண்டை குறைந்தது, சிரிப்பும் குறைந்தது, கடைசியில் ஒருவரையொருவர் இருமலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார்கள்.

சிலம்பாயி இலவம்பஞ்சுக் கொட்டகையில் தலையணை அடைக்கிற வேலை பார்த்தாள். அவள் புருஷன் குபேந்திரன் கோடைக்கு மட்டும் சம்பளத்துக்கு எடுக்கிற தீக்காவலர்களில் ஒருவன். தீ பிடித்த முதல் வாரத்தில் தீயை அடித்து அணைக்க இலைதழைகளை வெட்டிக் கட்டிக்கொண்டு மலையேறிய கூட்டத்தோடு அவனும் போனான். மற்றவர்கள் திரும்பினார்கள். மேற்குச் சரிவில் தீ திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போன குபேந்திரன் திரும்பவில்லை. தேடப் போனவர்கள் பாதி தூரத்திலேயே கண் தெரியாமல், மூச்சு விட முடியாமல் இறங்கி வந்தார்கள். புகை விலகட்டும் என்றார்கள். சிலம்பாயி அழவில்லை. மறுநாள் காலையில் கூந்தலை முடிந்துகொண்டு கொட்டகைக்குப் போய், உறைக்குள் கையை விட்டு, பஞ்சை மூலை மூலையாக அமுக்கினாள். அழாதவளைப் பார்த்து மற்றப் பெண்கள் அழுதார்கள். அவளுக்கு அது யாருக்காகவோ யாரோ அழுவது போலிருந்தது.

அப்படி அவள் அமுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மூக்கில் கட்டியிருந்த துணியைத் தன்னையறியாமல் அவிழ்த்து மடியில் போட்டாள். எதிரே இருந்தவளும் அவிழ்த்தாள். தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள் சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துக் கிட்டத்தில் போட்டுக்கொண்டு வந்தார்கள். சாப்பாட்டு நேரம் வருவதற்குள் கொட்டகையின் மற்ற மூலைகள் காலியாகிவிட்டன.  சிலம்பாயியைச் சுற்றி, ஒரு கல்யாணப் பந்தல் அகலத்துக்கு, புகை இல்லை. பஞ்சுத் துகள்கள் வெள்ளை வெள்ளையாகப் பறப்பது அங்கே கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வட்டத்துக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்கு நடந்தபோது வட்டமும் கூடவே நடந்தது. தெருநாய்களுக்குத்தான் முதலில் புரிந்தது. அவை வாலைக் கூட ஆட்டாமல், ஒழுங்காக, அவள் பின்னால் வந்தன.

ஏன் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அழாத கண்ணீர் உள்ளே நின்று புகையைக் கழுவுகிறது என்றார்கள் சிலர். குலதெய்வம் என்றார்கள் சிலர். கொட்டகை முதலாளி இலவம்பஞ்சின் குணம் அது என்று சொல்லி விலையைக் கூட்டிப் பார்த்தார். ஒரு வாரத்தில் அந்தப் பேச்சு ஓய்ந்துவிட்டது. கிணறு ஏன் ஊறுகிறது என்று யார் கேட்கிறார்கள், வாளியைத்தானே தேடுகிறார்கள்.

ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் எஸ்தர்தான் முதலில் வாளியோடு வந்தாள்.

"சிலம்பாயிக்கா, நாளைலருந்து ஆஸ்பத்திரி வராந்தாவுல வந்து ஒக்காருறீங்களா? புள்ளைங்க ராவெல்லாம் மூச்சுக்கு இழுக்குதுங்க."

"வேலை கெடக்கே சிஸ்டர்."

"பஞ்ச அங்க கொண்டாரச் சொல்றேன்."

"சரி," என்றாள் சிலம்பாயி. அந்த நாட்களில் அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னாள்.

பஞ்சு மூட்டைகள் ஆஸ்பத்திரிக்கு வந்தன. பின்னாலேயே ஊரும் வந்தது. இளைப்புக்காரர்களும் கைக்குழந்தைகளும் அவளை ஒட்டிப் படுத்தார்கள், அவர்களுக்கு அடுத்து வயதானவர்கள், அதற்கடுத்துப் பிள்ளைத்தாய்ச்சிகள், விளிம்பில் மற்றவர்கள். யாருக்குப் பக்கத்தில் யார் உட்காரக் கூடாது என்று ஊர் காலங்காலமாக வைத்திருந்த கணக்கு அந்த வட்டத்துக்குள்ளும் வந்து முறைத்துக்கொண்டு நின்றது. கீழத்தெருக்காரர்கள் அப்புறம் வரட்டும் என்று ஒருவர் சொன்னபோது, எஸ்தர் அவர் கட்டிலைத் தூக்கிப் புகைக்குள் வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. டீக்கடை ஆஸ்பத்திரி வாசலுக்கு இடம் மாறியது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தார்கள். நிச்சயித்திருந்த ஒரு கல்யாணம் மருந்துச் சீட்டுக் கொடுக்கிற சன்னலுக்கு முன்னால் நடந்தது. நாதசுரக்காரர் மூச்சடக்கி வாசித்து முடிக்கிற வரைக்கும் சிலம்பாயியைப் பக்கத்திலேயே உட்கார்த்தி வைத்திருந்தார். சித்திரைத் தேர் அவள் எதிரே வந்ததும் நின்றது, வழக்கமாக நிற்கிற இடங்களை விடவும் அதிக நேரம் நின்றது. விளிம்பில் சில ஆண்கள் குந்தி பீடி பிடித்தார்கள். நல்ல காற்றில் இழுத்தால்தான் ருசி தெரிகிறது என்று அவர்கள் சொன்னபோது யாருக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை.

அவள் வீட்டுக்குத் தூங்கப் போனால் தெருவே பாயோடு வந்து முற்றத்தில் படுத்தது. குளிக்கப் போனால் பெண்கள் கூட்டம் முதுகைக் காட்டிக்கொண்டு சுற்றி நின்றது. அவளுக்குச் சோறு வேறு வேறு வீடுகளிலிருந்து வந்தது, மீன் துண்டு அடியில் ஒளிந்திருக்கும். அவள் அதைத் தின்றாள். எல்லாம் ஒரே ருசியாக இருந்தது.

பஞ்சாயத்துத் தலைவர் தவமணியின் மருமகள் கலைமதிக்கு அந்தப் புகைக்குள்தான், நாள் நிறையாமல், ஆண் குழந்தை பிறந்தது. உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே அடங்கிவிடுகிற குழந்தை. அழக்கூட அதற்கு மூச்சுப் பற்றவில்லை. எஸ்தர் அதன் தொட்டிலைச் சிலம்பாயியின் பாய்க்குப் பக்கத்தில் போட்டாள். போட்டதும் அதன் நெஞ்சுக்கூடு சமமாக ஏறி இறங்கியது. சிலம்பாயி ஒன்றுக்குப் போக எழுந்தால் கலைமதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே எழுந்து போவாள், கதவுக்கு வெளியே நிற்பாள். முதலில் இருவருக்கும் கூச்சமாக இருந்தது. பிறகு அதுவும் பழகிவிட்டது.

தவமணி தினம் காலையில் வருவார். நல்ல மனுஷர். பேரனைப் பார்ப்பார், பிறகு சிலம்பாயியிடம் குனிந்து சொல்வார்:

"ஆளனுப்பிருக்கு ஆத்தா. தேடிக்கிட்டுத்தான் இருக்காக."

"சரிங்கய்யா."

யாரையும் அனுப்பவில்லை. அனுப்பத் தேவையும் இருக்கவில்லை. காணாமல்போன ஒரு வெள்ளாட்டைத் தேடி ஈரத்துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு மேற்குச் சரிவுக்குப் போன ஆட்டுக்காரர் சன்னாசி, குபேந்திரனைப் பார்த்துவிட்டு வந்து தவமணியிடம் முன்பே சொல்லிவிட்டிருந்தார்.  "கொஞ்சம் பொறு சன்னாசி, புகை வெலகட்டும். பச்சப்புள்ள ஒண்ணு கெடக்கு," என்றார் தவமணி. அவ்வளவுதான் பேச்சு. கூட்டம் கூடவில்லை, யாரும் யாரையும் எச்சரிக்கவில்லை. ஆனாலும் இரண்டொரு நாளில் ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது, தெரிந்த எல்லோரும் ஒரே முடிவுக்குத் தனித்தனியாக வந்திருந்தார்கள். சொன்னால் அவள் மலைக்குப் போவாள். போகாவிட்டால் மூலையில் உட்காருவாள், அழுவாள். அழுதால் அந்தக் காற்று என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும். அதனால் ஊர் அவளிடம் முன்னை விட அன்பாக இருந்தது. காலையில் யாராவது ஒருத்தி பூ வாங்கி வந்து அவள் தலையில் வைத்துவிட்டாள். ஒருத்தி குங்குமம் இட்டுவிட்டாள். வளையல்காரி வந்தபோது அவள் கைக்குத்தான் முதலில் அடுக்கினார்கள், பச்சையும் சிவப்பும் கலந்து. இட்டவர்கள் தன் கண்ணைப் பார்க்காததைச் சிலம்பாயி கவனித்தாள். கவனித்ததை எங்கேயும் கொண்டுபோய் வைக்காமல் அப்படியே விட்டுவிட்டாள். எதையாவது உள்ளே எடுத்தால் எல்லாம் உள்ளே வந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம்.

சன்னாசி மட்டும் வட்டத்துக்குள் வரவில்லை. ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெளியே, புளியமரத்தடியில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு புகைக்குள் உட்கார்ந்து இருமினார். ஒவ்வொரு நாளும் அந்த இருமல் ஆழமாகிக்கொண்டே போனது. ஒரு மத்தியானம் சிலம்பாயி பாதி அடைத்த தலையணையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அவள் நடந்த பக்கம் ஊரும் எழுந்து நடந்தது. புளியமரம் தெளிவாகத் தெரிந்தது, அதன் கீழே அவர் தெரிந்தார். அவர் எழுந்து பின்வாங்கப் பார்த்தார். காற்று அவரை விட வேகமாக அவர்மேல் வந்துவிட்டது.

"சன்னாசிண்ணே, ஊரே எம்பக்கத்துல ஒக்காந்துருக்கு. நீ மட்டும் ஏன் வெளிய நின்னு இருமுற?"

"ஆடு தனியா நிக்கும் தாயி."

"ஆடெல்லாம் உள்ளதான் நிக்குது."

ஆடுகள் அவளுக்குப் பின்னால்தான் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. சன்னாசி அவற்றைப் பார்த்தார், பிறகு அவள் தலையிலிருந்த பூவைப் பார்த்தார், பிறகு எதையும் பார்க்கவில்லை.

"எங்க இருக்காரு?" என்றாள் சிலம்பாயி.

"பழிக்கல் பள்ளத்துல. பாறைக்கடியில."

"எப்பப் பாத்த?"

"தேர் இழுக்கறதுக்கு முந்தி."

"மொகம் இருக்கா?"

"இருக்கு தாயி. தீ அவரத் தொடல. பொகையிலதான் போயிருக்காரு. பொக கெடவும் விடல. தூங்குறாப்ல இருக்காரு."

சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. இருமலே இல்லாத அந்த இடத்தில் அவர்கள் இருமுவதற்கு ஏதாவது கிடைக்காதா என்று நின்றார்கள்.

"சரி," என்றாள் சிலம்பாயி.

வராந்தாவுக்குத் திரும்பி வந்து, பாதியில் விட்ட தலையணையை எடுத்து, மூலைகளை அமுக்கி நிரப்பி, வாயைத் தைத்து, நூலைப் பல்லால் அறுத்தாள். தவமணி வந்துவிட்டிருந்தார்.

"ஆத்தா, நான் வேணும்னு மறைக்கல. எம் பேரன்…"

"புள்ளைக்காகன்னு சொல்லிருந்தா நானே இருந்திருப்பேன்யா," என்றாள் அவள். "அவர எடுத்து வந்து கெடத்திட்டு, இங்கயே ஒக்காந்திருப்பேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தவமணியிடம் பதில் இருந்திருக்கும். அவள் தலையணையைத் தட்டி ஓரமாக வைத்துவிட்டு, தலையிலிருந்த பூவை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டு, வாசலில் இறங்கினாள். செருப்புக் கூடப் போடவில்லை.

கலைமதிதான் முதலில் எழுந்தாள். குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டாள். எஸ்தர் தடுத்தாள்: "புள்ளைய மலைக்கா தூக்கிட்டுப் போற? சிலிண்டர் இருக்கு, இங்கயே இரு." "அது தீந்துபோனா?" என்றாள் கலைமதி.  எஸ்தர் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை அவிழ்த்து, குழந்தையின் மூக்குக் குழாயையும் பையில் போட்டுக்கொண்டு கூட நடந்தாள். சிலிண்டரைத் தவமணி வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். பிறகு இளைப்புக்காரர்கள் எழுந்தார்கள், பிறகு கிழவர்கள், பிறகு பிள்ளைத்தாய்ச்சிகள், பிறகு ஊர். துக்கத்துக்காகப் போனார்கள் என்று சொன்னால் பொய். காற்று போன பக்கம் போனார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் மட்டும் பின்தங்கினார்கள். வட்டம் விலகியதும் அவர்கள்மேல் புகை ஒரு போர்வை மாதிரி ஏறியது.

அப்படி ஒரு ஊர் ஒரு கல்யாணப் பந்தல் அகலத்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு மலையேறியது. விளிம்பில் நடந்தவர்களுக்கு மூச்சு முட்டினால் உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து இடம் கொடுத்தார்கள், உள்ளே போனவர்கள் சற்று நேரத்தில் வெளியே வந்தார்கள், கஞ்சிப் பானையைத் துழாவுகிற மாதிரி அந்தக் கூட்டம் தன்னைத் தானே துழாவிக்கொண்டு நகர்ந்தது. ஆடுகளும் நாய்களும் கால்களுக்கிடையே வந்தன. மலையை அவர்கள் அப்போதுதான் பார்த்தார்கள், பந்தல் அகலம் பந்தல் அகலமாக: கருகிய வேங்கை மரங்கள், கண் திறந்த மாதிரி உள்ளே இன்னமும் கனன்றுகொண்டிருந்த வேர்கள், கணுக்கால் வரை வெள்ளைச் சாம்பல், அதில் ஓடுகளோடு வெந்துபோயிருந்த நத்தைகள். சிலம்பாயியின் வெறுங்கால் சாம்பலில் பதிந்த இடங்களைச் சன்னாசி பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு தன் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் வைத்தார். அவள் மாட்டிக்கொண்டாள். பெரிய செருப்பு, டப் டப் என்று அடித்தது. அந்தச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

பழிக்கல் பள்ளத்தில், பாறைக்கடியில், குபேந்திரன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். வெட்டிய தழைக்கட்டு காய்ந்து பக்கத்தில் கிடந்தது. சிலம்பாயி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்திலிருந்த சாம்பலைத் துடைத்தாள். காதுக்குப் பின்னால் துடைத்தாள். கழுத்து மடிப்பில் துடைத்தாள். ஊர் சுற்றி நின்றது.  கலைமதி ஒருத்திதான் கிட்டே போய் அவள் பக்கத்தில் குந்தினாள்.

அப்போது சிலம்பாயி இருமினாள்.

முதலில் அது இருமல் என்றே யாருக்கும் தெரியவில்லை. அவள் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை அந்தக் கோடையில் யாரும் கேட்டதில்லை. இரண்டாவது தடவை இருமினாள், மூன்றாவது தடவை குனிந்து, நெற்றி அவன் தோளில் முட்ட இருமினாள், கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் இறங்கியது. காலடித் தடத்தில் தண்ணீர் ஊறுகிற மாதிரி நாலா பக்கமிருந்தும் புகை மெதுவாக உள்ளே வந்தது. விளிம்பில் நின்றவர்கள் மறைந்தார்கள். நடுவில் நின்றவர்கள் மறைந்தார்கள். ஓடியவர்கள் கொஞ்சம்பேர், ஓட முடியாது என்று தெரிந்து நின்றார்கள். யாரும் அலறவில்லை. "கலைமதி, எங்க இருக்க, பேசு," என்று எஸ்தரின் குரல் மட்டும் கேட்டது. "இங்க." "பேசிக்கிட்டே இரு." "இங்க. இங்க. இங்க." தவமணி மண்டியிட்டுச் சிலிண்டரைத் தடவித் தடவித் திறந்தார், எஸ்தர் விரலாலேயே குழந்தையின் மூக்கைத் தேடிக் குழாயை வைத்தாள்.

சன்னாசியின் கம்பளியில் குபேந்திரனைக் கிடத்தி நாலு பேர் தூக்கினார்கள். சிலிண்டரைத் தன் மகனிடம், கலைமதியின் புருஷனிடம், கொடுத்துவிட்டுத் தவமணியும் ஒரு முனையைப் பிடித்தார். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் முந்தானைகளையும் துண்டுகளையும் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டார்கள்; கலைமதி தன் துண்டில் பாதியைக் கிழித்துச் சிலம்பாயிக்குக் கட்டிவிட்டாள். பாதை தெரிந்த சன்னாசி முன்னால் போக, அவர் தோளில் ஒருவர் கை, அவர் தோளில் இன்னொருவர் கை என்று ஊர் ஒரே கயிறாக இறங்கியது. யார் தோளில் யார் கை என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

மயானத்தில் விறகு அடுக்கினார்கள். அவர்கள் வழக்கம் எரிப்பதுதான். குபேந்திரனின் தம்பி கொள்ளிச் சட்டியை எடுத்தபோது, சிலம்பாயி வாயை மூடியிருந்த துணியை விலக்கி, "தீ வேணாம்," என்றாள்.  விறகை இறக்கிவிட்டுக் குழி வெட்டினார்கள். வெட்டியவர்கள் மாறி மாறி நின்று மூச்சு வாங்கினார்கள்.

அதற்குப் பிறகும் புகை இருந்தது, ஆனி பிறந்து தென்மேற்கே மேகம் திரளும் வரை இருந்தது. இளைப்புக்காரர்களில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்தார்கள். அதற்காக யாரும் சிலம்பாயியைக் குற்றம் சொல்லவில்லை; சொல்லாமல் இருந்த விதத்தில் அது இருந்தது. பெரிய சிலிண்டர்கள் டவுனிலிருந்து வந்தன. குழந்தை பிழைத்தது, அழுகையில் ஒரு கரகரப்போடு. பஞ்சு மூட்டைகள் கொட்டகைக்குத் திரும்பின. சிலம்பாயியும் திரும்பினாள், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு. வளையல் இல்லாத கையை உறைக்குள் விட்டு அமுக்கினாள். மற்றவர்கள் தத்தமது பழைய மூலைகளில் சாக்கைப் போட்டுக்கொண்டார்கள். தெருவில் அவள் வந்தால் ஒதுங்கி வழிவிட்டார்கள். வெட்கப்பட்ட ஊர் மரியாதையாகத்தான் நடந்துகொள்ளும்.

ஒரு மத்தியானம், அவள் கொட்டகைக்கு வெளியே சுவரில் சாய்ந்து சாக்கில் உட்கார்ந்திருந்தபோது, புகைக்குள்ளிருந்து கலைமதி வந்தாள். கையில் குழந்தை இல்லை.

"புள்ள எங்க?" என்றாள் சிலம்பாயி.

"சிஸ்டர்கிட்ட. தூங்குறான்."

"இங்க இப்பக் காத்து ஒண்ணும் இல்லம்மா. மத்த எடம் மாதிரிதான்."

"தெரியும்க்கா," என்றாள் கலைமதி. "சும்மாதான் வந்தேன்."

 சிலம்பாயி நகர்ந்து, சாக்கில் பாதி இடம் விட்டாள். கலைமதி உட்கார்ந்தாள். மதியம் போகிற வரைக்கும் இருவரும் அங்கேயே இருந்தார்கள், மாறி மாறி இருமிக்கொண்டு.